சுரண்டும் முன் தடவிப் பாரும்

கேள்வி: நான் கிளிநொச்சி, தருமபுரத்தைச் சேர்ந்தவள். வெளியூரில் பற்சுகாதாரப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முரசுக்குக் கீழே பல்லில் இறுகிய காரையை எடுக்கும்போது எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக் கையை எடுப்பேன். மேற்பார்வை செய்யும் டொக்டர் எக்ஸ்புளோரரை (தடவிப் பார்க்கும் மெல்லிய கம்பிக்கருவி) விட்டுப் பார்த்துவிட்டு, “எடுக்கவில்லை, மினுக்கி வைத்திருக்கிறாய்” என்கிறார். ஒரு நோயாளியை முடிப்பதற்குள் மணிக்கட்டும் பெருவிரலும் தாங்கமுடியாமல் வலிக்கின்றன. கிரேசி கியூரெட் என்ற சுரண்டும் கருவிகளின் எண்களையெல்லாம் பாடமாக்கிவிட்டேன். ஆனால் வாய்க்குள் போனதும் கருவியின் இரண்டு முனையில் எந்த முனை என்று தடுமாறுகிறேன். வேரைக் கண்ணாடிபோல வரும்வரை சுரண்ட வேண்டும் என்று ஒரு சீனியர் அக்கா சொல்கிறா. புத்தகத்தில் அப்படி இல்லை. லீவில் வீட்டுக்கு வந்தால் அம்மம்மா, “காரை எடுத்தாப் பல்லு ஆடும், உந்த வேலைக்கே படிக்கிறாய்?” என்று கேட்கிறா. இவற்றுக்கு என்ன பதில்?

பதில்: பிள்ளை, மினுக்கி வைப்பது, கை வலிப்பது, முனை தடுமாறுவது மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. காரை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தடிப்பு என்று தெரியமுன்னரே சுரண்டத் தொடங்கிவிடுகிறீர். முரசுக்குக் கீழே கண் போகாது. அங்கே உமக்குத் துணை நடுவிரலின் நுனி மட்டும்தான். அந்த நுனியைப் பழக்காமல் எத்தனை கியூரெட் வாங்கி வைத்தாலும் பலன் இல்லை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கவனிப்பதும் அதைத்தான்.

எக்ஸ்புளோரரைப் பேனை பிடிப்பதிலும் தளர்வாகப் பிடியும். சுட்டுவிரலும் பெருவிரலும் கைபிடியில் ஒன்றுக்கொன்று எதிரே இருக்கட்டும். நடுவிரலின் சதை கருவியின் கழுத்தைத் தொட்டபடி இருக்க, மோதிரவிரல் பக்கத்துப் பல்லில் ஊன்றி நிற்க வேண்டும். நகம் வெளுக்குமளவு இறுக்கினால் அதிர்வு விரலுக்கு வந்து சேராது. கூரால் குத்தித் தேடக்கூடாது. நுனியின் பக்கவாட்டில் 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை வேரோடு படிந்து போகவேண்டும். பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள பையின் அடியில் மெத்தென்று ஒரு தடை தட்டும்வரை இறக்கி, அங்கிருந்து மேலே இழுத்து வாரும். இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி விழட்டும், இடையில் தொடாத கீற்று மிஞ்சக்கூடாது.

விரலுக்கு வரும் செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். காரையில் நுனி முதலில் வெளியே தள்ளப்படும், மேட்டைத் தாண்டித் திரும்ப வேருக்கு வரும். சூத்தையில் முதலில் உள்ளே விழும், பிறகு வெளியே ஏறும். எனாமலும் வேரும் சந்திக்கும் கோடு மெல்லிய ஒரு வரம்பாகத் தட்டும். அது பல்லைச் சுற்றி ஒழுங்காக ஓடும், காரை அப்படி ஓடாது. மினுங்கிப்போன காரைதான் ஆளை ஏமாற்றும். அதன்மேல் போகும்போது வேர்போலவே வழுவழுப்பாக இருக்கும், அதன் ஓரத்தில் இறங்கும் இடத்தில் மட்டும் சின்னப் படி ஒன்று தட்டும். உமது டொக்டரின் விரல் பிடித்தது அந்தப் படியைத்தான். அடுத்த தடவை அவர் அப்படிச் சொன்னால் சங்கடப்பட்டு ஒதுங்காமல், அவர் விட்ட அதே இடத்தில் உமது எக்ஸ்புளோரரையும் விட்டு, அந்தப் படி விரலில் படும்வரை தேடிப் பாரும். ஒரு தடவை பட்டால் பிறகு மறக்காது.

பையின் ஆழத்தை அளக்கும் புரோப்பை விடுவதிலும் இதே மென்மை வேண்டும். 20 முதல் 25 கிராம் அழுத்தம் போதும். வீட்டில் சின்ன மின்தராசு இருந்தால் புரோப்பின் நுனியை அதில் வைத்து 20, 25 காட்டும்வரை அழுத்திப் பழகும். எவ்வளவு கொஞ்சம் என்று கண்டு ஆச்சரியப்படுவீர். பல்லைச் சுற்றி 1 மில்லிமீற்றர் அளவில் அடி வைத்து நடத்தி, ஆறு இடங்களில் அளவை எழுத வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே வந்ததும் புரோப்பைச் சற்றே சாய்த்து, பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு நேர் கீழே கொண்டுபோக வேண்டும். பலர் மூலையோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆழமான பையோ நடுவில் ஒளிந்திருக்கும். பையின் ஆழத்தை மட்டும் எழுதிவிட்டும் எழும்பக்கூடாது. பை 5 மில்லிமீற்றர், முரசு கீழிறங்கியது 3 மில்லிமீற்றர் என்றால் அந்த இடத்தில் பற்று இழப்பு (பல்லைப் பிடித்திருந்த பிடிப்பு விட்டுப்போன அளவு) 8 மில்லிமீற்றர். முரசு வீங்கி எனாமலுக்கு மேலே ஏறியிருந்தால் கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும்.

இனி மினுங்கும் கதைக்கு வருவோம். காரை மினுங்குவதற்குக் காரணங்கள் மூன்று. அலகு மழுங்கியிருக்கும், அல்லது அலகின் முகத்துக்கும் பல்லுக்கும் இடையிலான கோணம் 45 பாகைக்குக் கீழே போயிருக்கும், அல்லது பயந்து பயந்து காரையின் மேற்பரப்பை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்திருப்பீர். பைக்குள் இறக்கும்போது அலகின் முகம் பல்லோடு ஏறக்குறையப் படிந்து, 0 முதல் 40 பாகைக்குள் இருக்க வேண்டும். அடிக்குப் போனபின் கோணத்தைத் திறந்து 70, 80 பாகைக்குக் கொண்டுவாரும். 90ஐத் தாண்டினால் பையின் சதைப்பக்கச் சுவரைக் கிழிக்கும். காரையின் நடுமுதுகில் ஏறாமல் கீழ் ஓரத்தில் அலகைக் கொளுவும். ஊன்றிய மோதிரவிரலால் பல்லைத் தள்ளி, அதே பலத்தோடு அலகையும் பல்லில் அழுத்தி, 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் இழுத்து, உடனே பிடியைத் தளர்த்தும். அடுத்த இழுப்புக்கு மறுபடி இறுக்கும். இப்படி ஒரு கீற்றை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்த கீற்று. மேலோட்டமாக ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று என்று போனால் மினுக்கத்தான் செய்வீர். ஏற்கெனவே மினுங்கிவிட்டதென்றால், அதிர்வால் காரையை உடைக்கும் அல்ட்ராசொனிக்கை எடும், இல்லாவிட்டால் புதிதாகத் தீட்டிய அலகோடு பக்கவாட்டு ஓரத்திலிருந்து தாக்கும்.

கைவலிக்கு விடை இந்தத் தளர்த்துதலில்தான் இருக்கிறது. தொடக்கம் முதல் முடிவுவரை இறுக்கிப் பிடித்திருந்தால் எந்தக் கையும் வலிக்கும். இழுப்பு விரல்களால் வரக்கூடாது. மணிக்கட்டும் முன்கையும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக நிற்க வேண்டும். அது மடங்குகிறதென்றால் பெரும்பாலும் நீர் இருக்கும் இடம் பிழை. கதிரையை நகர்த்தும், நோயாளியின் தலையை உம் பக்கம் திருப்பச் சொல்லும். கேட்க வெட்கப்பட்டு முதுகை வளைக்கும் பிள்ளைகளைத்தான் அதிகம் காண்கிறேன். இரவில் விரல்கள் விறைத்து எழும்புகிறீரென்றால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்டும்.

மழுங்கிய அலகைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொட்டைத் தாக்கத்தியோடு அருவி வெட்ட இறங்கினால் கதிரும் ஒழுங்காக அறாது, தோளும் கழன்றுவிடும். கியூரெட்டும் அப்படித்தான். வெளிச்சத்தில் அலகைப் பிடித்துப் பாரும். வெட்டும் விளிம்பில் வெள்ளைக் கோடாக ஒளி தெறித்தால் அது மழுங்கிவிட்டது, கூரான விளிம்பில் ஒளி தங்காது. பிளாஸ்டிக் சோதனைக் குச்சியில் வைத்தால் கூரான அலகு கடித்து நிற்கும், மழுங்கியது வழுக்கும். தீட்டும்போது அலகின் முகம் தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். கல்லை அந்த முகத்துக்குச் செங்குத்தாக வைத்துப் பிறகு சற்றுத் திறந்து, முகத்துக்கும் கல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகை வரச்செய்யும். அப்போது அலகின் உள்கோணம் 70 முதல் 80 பாகையாக நிலைக்கும். கடைசி இழுப்பு கீழ்நோக்கி முடிய வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் உலோகப் பிசிர் நிற்கும். கியூரெட்டின் நுனி உருண்டையாக இருப்பது சதையைக் காப்பதற்காக. அதைக் கூராக்கிவிட்டால் கையில் இருப்பது கியூரெட் ஆகாது.

கிரேசி எண்கள். இவற்றை அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேட்டன் கிரேசி என்ற பல் வைத்தியர் வடிவமைத்தார். ஆழமான பைக்குள்ளும் முரசைக் கிழிக்காமல் வேரின் ஒவ்வொரு முகத்தையும் எட்ட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதனால்தான் முகத்துக்கு ஒரு கருவி. 1/2, 3/4 முன்பற்களுக்கு. 5/6 முன்பற்களுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும். 7/8, 9/10 கடைவாயின் கன்னப்பக்கத்துக்கும் நாக்குப்பக்கத்துக்கும். 11/12 கடைவாயின் முன்முகத்துக்கு, 13/14 பின்முகத்துக்கு. பாடமாக்கியது வீண்போகாது, ஆனால் வாய்க்குள் எண்ணை நினைக்காமல் கழுத்தைப் பாரும். அலகை ஒட்டியிருக்கும் கடைசிக் கழுத்துப்பகுதி, நீர் வேலைசெய்யும் பல்முகத்துக்குச் சமாந்தரமாக நின்றால் முனை சரி, அப்போது அலகின் முகம் பல்லை நோக்கிச் சாய்ந்து பாதி மறைந்திருக்கும். கழுத்து குறுக்கே படுத்து, அலகின் முகம் முழுவதும் உம்மைப் பார்த்துப் பளபளத்தால் மற்ற முனையைத் திருப்பும். எல்லாப் பல்முகத்துக்கும் பொதுவான யுனிவர்சல் கியூரெட்டில் முகம் கழுத்துக்கு 90 பாகை, இரண்டு விளிம்பும் வெட்டும். கிரேசியில் முகம் 70 பாகையளவு சாய்ந்திருக்கும், கீழே தாழ்ந்த விளிம்பு மட்டும்தான் வெட்டும். அதனால்தான் கிரேசியில் கழுத்து சமாந்தரமாக வந்ததும் கோணமும் தானாகச் சரியாகிறது. 5 மில்லிமீற்றரைத் தாண்டிய பைகளுக்குக் கழுத்து 3 மில்லிமீற்றர் நீண்ட வகை உண்டு, ஒடுங்கிய இடங்களுக்கு அலகு பாதியாகக் குறைந்த வகையும் உண்டு. உமது கல்லூரியில் இருந்தால் கேட்டு வாங்கிப் பழகும்.

சீனியர் அக்காவைக் கோபிக்க வேண்டாம், அவ படித்த முறை அது. பற்றீரியா நச்சு வேருக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது, வேரின் மேற்படையான சிமெந்தத்தையும் சேர்த்துச் சுரண்டினால்தான் போகும் என்று முன்பு நம்பினார்கள். அது மேற்பரப்பில் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று 1980களின் ஆய்வுகள் காட்டின. ஆகவே காரையும் பற்றீரியாப் படலமும் போனால் போதும், வேரைச் செதுக்கக்கூடாது. செதுக்கிய வேர் பச்சைத் தண்ணீருக்கும் கூசும், சூத்தையும் எளிதில் பிடிக்கும். வழுவழுப்பைக் காரை போனதற்கு ஓர் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அல்ட்ராசொனிக் இருக்கக் கைக்கருவி எதற்கு என்று நீர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டும் வேண்டும். கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் வாசல் பெரும்பாலும் 1 மில்லிமீற்றரிலும் ஒடுக்கமானது, கியூரெட் அலகு அதற்குள் நுழையாமல் நின்றுவிடும். அங்கே மெல்லிய அல்ட்ராசொனிக் முனை போகும். முனையின் பக்கத்தை 0 முதல் 15 பாகையில் படியவிட்டு, அழுத்தாமல், ஓரிடத்தில் நிற்காமல் ஓட்டும். கூரை நேரே பல்லில் வைத்தால் வேரில் குழி விழும். முனை 2 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டதென்று அர்த்தம், அழுத்தி ஈடுசெய்யப் பார்க்காமல் மாற்றக் கேளும்.

அம்மம்மாவின் கேள்வியை லேசாக எடுக்காதேயும். வன்னியில் எந்தக் கிளினிக்கில் இருந்தாலும் இதை நாள்தோறும் கேட்பீர், சொல்பவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். முள்ளியவளைப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். பல வருட வெற்றிலைப் பழக்கம். கீழ் முன்பற்கள் ஆறின் உட்பக்கமும் ஒரே மதிலாகக் காரை. நாக்கின் கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறப்பது அவ்விடத்தில், உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் படலத்தில் படிந்துதான் காரை இறுகுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சவரால் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள், அப்படியல்ல. ஐயாவின் மதில் கழன்றதும் பற்களுக்கிடையே இடைவெளி தெரிந்தது, நாக்கால் தள்ளிப் பார்த்தார், ஆடியது. “பாத்தீங்களே டொக்டர்” என்றார். எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டதையும், காரைதான் அந்தப் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்ததையும் எக்ஸ்ரே படத்தில் அவருக்குக் காட்டினோம். படத்தை வேலை தொடங்குமுன் காட்ட வேண்டும். பின்னால் சொன்னால் சாட்டு, முன்னால் சொன்னால்தான் விளக்கம். வீக்கம் வடிய, முரசு சுருங்கிப் பல் சற்று நீளமாகத் தெரியும், சில கிழமைக்குக் கூசும், தளர்ந்த பற்களில் பல மெல்ல இறுகும், எலும்பு மிகவும் போன பல் இறுகாமலும் போகலாம். இதைக் கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொல்லும்.

காரை இருக்கிற எல்லோருக்கும் பல் விழுவதில்லையே என்றும் அம்மம்மா கேட்பா, அதுவும் சரியான கேள்வி. முரசுநோய் ஆய்வாளர் ஹெரால்ட் லோவும் கூட்டாளிகளும் 1970 முதல் 1985 வரை எங்கள் நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரைப் பின்தொடர்ந்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பற்சிகிச்சையோ இல்லாத ஆண்கள். எல்லோருக்கும் படலம், காரை, முரசழற்சி இருந்தன. ஆனால் சுமார் 8 வீதமானோருக்கு விரைவாகவும் 81 வீதமானோருக்கு மிதமாகவும் பற்று அழிந்தது, 11 வீதமானோருக்கு நோய் முரசழற்சிக்கு மேலே போகவில்லை. உலகமெங்கும் முரசுநோய் படிக்கும் மாணவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தொழிலாளரின் உறவுகள் உமது கதிரையிலும் வந்து அமரக்கூடும். அந்த 8 வீதத்தில் யார் என்று வாயைப் பார்த்தவுடன் சொல்லமுடியாது. அதனால்தான் எல்லோருக்கும் புரோப் விட்டு எழுதி வைக்கிறோம்.

யாருக்கு வேகமாகப் போகும் என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. கிளினிக் கொப்பியை வாங்கிப் பாரும். சீனி நோயாளியின் எச்.பி.ஏ.1.சி (சில மாதச் சராசரிச் சீனி அளவு) 7 வீதத்துக்கு மேல் நின்றால் முரசுநோய் வேகமெடுக்கும். முரசைச் சரிசெய்தால் சில மாதங்களில் அந்த அளவு சராசரியாக 0.4 வரை இறங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நீர் செய்வது பல்லோடு நிற்கிற வேலையல்ல. பிரசர் குளிசையில் நிபெடிபின், வலிப்புக்கு பெனிற்றோயின் எழுதியிருந்தால் முரசு தடித்து வளர்ந்திருக்கக்கூடும், அதைப் பை என்று எண்ணிவிடக்கூடாது. புகைப்பவரின் முரசில் இரத்தம் குறைவாகவே வரும், அதைக் கண்டு சுகமென்று எழுதாதேயும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவரின் காவியை எடுக்குமுன் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பாரும். வெள்ளையோ சிவப்போ மாறாத தழும்போ கண்டால், வாய் திறப்பது ஒடுங்கியிருந்தால், ஸ்கேலிங்கை (காரை எடுப்பதை) நிறுத்தி டொக்டரைக் கூப்பிடும். இலங்கையில் ஆண்களை அதிகம் பிடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதை முதலில் காணக்கூடியவர் நீர்தான்.

இன்னொன்றும் எங்கள் ஊருக்கென்றே உண்டு. ஒரு கை இழந்தவர், விரல்கள் மடங்காதவர், தாடையில் காயம்பட்டவர் வருவார்கள். நூல் கொண்டு பல்லிடை துப்புரவாக்கும் வித்தையை ஒற்றைக்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பது வேதனைப்படுத்துவதுதான். பல்லிடைத் தூரிகையைக் கொடும், பிரஷ்ஷின் பிடியில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடும். கதிரையைச் சாய்க்குமுன் சாய்க்கப்போகிறேன் என்று சொல்லும், இயந்திரம் போடுமுன் சத்தம் எப்படி இருக்கும் என்று காதில் கேட்க விடும். சிலருக்கு அந்தச் சத்தமும் மல்லாந்து கிடப்பதும் என்னென்னவோ நினைவுகளைக் கிளறும். கையை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று சொல்லும், உயர்த்தினால் உண்மையிலேயே நிறுத்தும்.

ஸ்கேலிங் முடிந்ததும் சிகிச்சை முடியவில்லை. 4 முதல் 6 கிழமைக்குப் பிறகு மறுபடி அதே ஆறு இடங்களில் புரோப் விட வேண்டும். 4 மில்லிமீற்றருக்குள் வந்து, இரத்தமும் வராவிட்டால் மூன்று மாதத்துக்கொரு தடவை பார்த்துப் பராமரிக்கலாம். 4, 5 மில்லிமீற்றரில் இரத்தத்தோடு நின்றால் அந்த இடத்தைத் திரும்பத் தடவிப் பார்த்து, மிச்சக் காரையைத் தேடி எடும். 6ம் அதற்கு மேலும் நின்றால் அது உமது கியூரெட்டின் எல்லையைத் தாண்டிய இடமாக இருக்கலாம், முரசைத் திறந்து பார்க்கும் வைத்தியரிடம் அளவுகளோடு அனுப்பும். அடுத்த திகதியை நீராக எழுதிக் கொடுக்காதேயும். மாசி, பங்குனியில் காலபோக அருவி வெட்டு நடக்கும், பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒட்டுசுட்டானிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ வருபவருக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டு, அதற்கேற்ற நேரத்தைக் கொடும்.